எந்த டிபார்ட்மென்ட் என்று கேட்டால்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பார்சல் அனுப்பியாச்சு. இட்லிப் பொடியை அம்மா இரண்டு கவர் போட்டுக் கட்டியிருக்கிறாள். வியன்னா கஸ்டம்ஸில் பிரித்துக் கேட்டால் அது உன் பாடு.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது மனசிலேயே கிடக்கிறது. உதவித்தொகை விண்ணப்பத்தில் 'உங்கள் துறை எது' என்ற கட்டத்தை நிரப்பத் தெரியாமல் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தாயாமே. பி.எஸ்சி. கணக்கு, எம்.ஏ. எக்கனாமிக்ஸ், இப்போது ஃபிசிக்ஸ் ஆட்களோடு சேர்ந்து சிக்கலான அமைப்புகள் பற்றி ஆராய்ச்சி, அதாவது ஒன்றையொன்று பாதிக்கிற பல உறுப்புகள் சேர்ந்து மொத்தமாக எப்படி நடந்துகொள்ளும் என்பது. "எக்கனாமிக்ஸ்காரங்க என்னைக் கணக்குங்கிறாங்க, ஃபிசிக்ஸ்காரங்க எக்கனாமிக்ஸ்ங்கிறாங்கப்பா" என்றாய். சிரிப்பு வந்தது, சங்கடமாகவும் இருந்தது. நீ எம்.ஏ.வுக்கு மாறியபோது 'ஏதாவது ஒன்றில் நில்லு' என்று சொல்லிவிட்டு ஒரு வாரம் உன்னோடு பேசாதவன் நான்தானே.

30 வருஷம் சப்ஸ்டேஷனில் உட்கார்ந்தவன் நான். பேனலில் ஃப்ரீக்வென்சி மீட்டர் முள் 50-ல் நிற்க வேண்டும். தயாரிக்கிற கரண்ட் செலவுக்குப் போதாவிட்டால் முள் இறங்கும். ராத்திரி ஷிஃப்டில் அது 49-க்குக் கீழே இறங்கினால் மேலிருந்து போன் வரும், ஊருக்குக் கரண்ட் போகிற இந்த ஃபீடர் லைனை ஆஃப் பண்ணு என்று. பண்ணுவேன். அடுத்த நிமிஷம் ஊருக்குள்ளிருந்து போன் வரும். அது வேறு பாஷை. எங்கோ தொலைவில் கரண்ட் தயாரிக்கிற ஒரு யூனிட் நின்றதற்கு நான் திட்டு வாங்குவேன். கோளாறு எங்கே என்று அந்த முள் சொல்லாது.

2012 ஜூலை 30, அதிகாலை 2.33. மத்தியப் பிரதேசத்தில் பீனா–குவாலியர் 400 கே.வி. லைன் ட்ரிப் ஆனது. விசாரணை அறிக்கையைத் தேடிப் பிடித்துப் படித்தேன். லைனில் பழுதே இல்லை! பக்கத்து லைன்கள் பல ஏற்கெனவே நிறுத்தத்தில் இருந்தன. இதில் லோடு ஏறிக்கொண்டே போக, அதைப் பழுது என்று எடுத்துக்கொண்டு, பழுது கண்டால் லைனைத் துண்டிக்கிற கருவியான ரிலே வெட்டிவிட்டது. இது சுமந்த லோடு மற்ற லைன்கள் தலையில் ஏற, அவையும் ஒவ்வொன்றாக வெட்டிக்கொள்ள, வட இந்தியா இருட்டு. மறுநாள் பகல் ஒரு மணிக்கு மறுபடியும். அன்று கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்தே போயின. 60 கோடிக்கு மேல் ஜனங்களுக்குக் கரண்ட் இல்லை.

லைன்காரன் லைனைப் பார்ப்பான். ரிலே டெஸ்ட் பண்ணுகிறவன் ரிலேயைப் பார்ப்பான், அது தனக்கு வைத்த செட்டிங்படிதான் வெட்டியது என்பான். அந்த வருஷம் வடக்கே மழை சரியில்லாமல் பம்பு செட்டுகள் ஓடித் தீர்த்தது விவசாய இலாகா சமாச்சாரம். மாநிலங்கள் கோட்டாவுக்கு மேல் இழுத்தது காசு சமாச்சாரம், அரசியலும்கூட. எல்லாவற்றையும் ஒரே தாளில் போட்டுப் பார்க்கிறவனை எந்த டிபார்ட்மென்டில் சேர்ப்பது? எங்கள் ஆபீசில் அப்படி ஒரு நாற்காலியே கிடையாது. நீ உட்கார்ந்திருப்பது அதில்தான் என்று எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. அந்தக் கட்டத்தில் கணக்கு என்றே போட்டுவிடு. கீழே எழுதுகிற பக்கத்தில் மட்டும் உன் படிப்பை வரிசையாக ஒப்பிக்காமல், நீ தேடுகிற கேள்வியை முதலில் வை.

கேள்வி என்றதும் எனக்கும் ஒன்று இருக்கிறது. அன்றைக்குத் தெற்கு கிரிட், அதாவது தென் மாநிலங்களின் மின் வலைப்பின்னல், தனி. வடக்கோடு டி.சி. வழியாக மட்டும்தான் தொடர்பு. டி.சி. கரண்டைக் கடத்தும், அந்தப் பக்கத்து ஃப்ரீக்வென்சி ஆட்டத்தைக் கடத்தாது. அதனால் நாம் விழவில்லை. (நமக்கு அந்த வருஷம் பாதி நாள் கரண்டே கிடையாது என்பது வேறு விஷயம். வேண்டிய அளவு வடக்கிலிருந்து வாங்கவும் லைன் போதவில்லை.) 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கே.வி. லைன் போட்டு ஒன்றாகச் சேர்த்தார்கள். இப்போது பற்றாக்குறை வந்தால் கை கொடுக்க ஆள் உண்டு. அங்கே விழுந்தால் நம்மையும் இழுக்குமா? எந்த அளவுக்குச் சேரலாம், எங்கே அறுத்துக்கொள்ள வேண்டும்? உன் கைடிடம் கேட்டு எழுது. எனக்குப் புரிகிற மாதிரி.

அப்புறம், ரோமில் பரீசி என்கிற ஃபிசிக்ஸ்காரரும் கூட இருந்தவர்களும் குருவிக் கூட்டத்தைப் படம் பிடித்துப் பார்த்ததில், ஒவ்வொரு குருவியும் பக்கத்தில் ஆறேழு குருவிகளைத்தான் கவனிக்கிறது என்று தெரிந்ததாகச் சொன்னாயே. நம் குளத்துக்கரைக்கும் சூறைக்குருவி வந்திருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் ஒரே ஒரு குருவியைக் கண்ணால் பிடித்துக்கொண்டே போகப் பார்த்தேன். மூன்றாவது திருப்பத்தில் தொலைத்துவிட்டேன். கழுத்து வலிதான் மிச்சம்.

அன்புடன்,
அப்பா