டிரைவர் எண்ணிக்கையும் மத்தள அடியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில், விலை கூடிய ஹெட்போன்களில் டிரைவர், அதாவது மின்சாரத்தை ஒலியாக்கும் உறுப்பு, கூடக் கூட ஒலி துல்லியமாகும் என்று எழுதியிருந்தார்கள். மட்டக்களப்புப் படுவான்கரைக் கூத்துகளை ஒலிப்பதிவு செய்து பிழைக்கிறவன் நான். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

ஸ்பீக்கர் பெட்டிக்கு அந்தக் கணக்கு சரி. கூத்து ஆடும் களரியைச் சுற்றி இருக்கிற சனத்துக்கெல்லாம் மத்தளம் கேட்க வேண்டுமென்றால் பெரிய கூம்பு வேண்டும். அது சல்லாரி என்ற கைத்தாளத்தின் வேகத்துக்கு ஆடாது. அதற்கு ட்வீட்டர் என்ற சின்ன டிரைவர். ஹெட்போன் காதோடு ஒட்டியே இருப்பதால் தள்ள வேண்டிய காற்று கொஞ்சம்தான், ஒரே சவ்வு முழு வீச்சையும் பார்த்துக்கொள்ளும். 1997இல் வந்த சென்ஹைசர் எச்.டி. 600 ஹெட்போனில் காதுக்கு ஒரு டிரைவர்தான். 2009இல் வந்த எச்.டி. 800இலும் ஒன்றுதான், 56 மில்லிமீற்றர். இவற்றைக் குறைந்த சாமான் என்று யார் சொல்வார்கள்?

பல டிரைவர் பெருகியது காதுக்குள் செருகும் வகையில். அதில் வைக்கும் பாலன்ஸ்ட் ஆர்மச்சர் என்ற டிரைவர், காதுகேள் கருவியிலிருந்து வந்த பொடிச் சாமான். ஒன்றே எல்லாத் தொனிக்கும் ஈடுகொடுப்பது கஷ்டம். 1990களில் ஒலிப் பொறியாளர் ஜெரி ஹார்வி, டிரம்ஸ் கலைஞர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காக இரண்டு டிரைவர் வைத்து இயர்போன் செய்தார். ஆனால் 1991இல் வந்த எட்டிமோட்டிக் ஈ.ஆர். 4 இயர்போன் ஒரே டிரைவரை வைத்தே பெயரெடுத்தது, அதையும் சொல்ல வேண்டும்.

இரண்டு மூன்று டிரைவர் என்றால் ஒலியைப் பங்குபோட கிராஸ்ஓவர் என்ற மின்சுற்று வேண்டும். சிக்கல் அங்கேதான். மத்தளத்தில் ஓர் அடி விழுந்தால் ‘கும்’மென்ற முழக்கமும் விரல் தோலில் படும் ‘டக்’கும் சேர்ந்தே வரும். பங்குபோட்ட இடத்தில் நேரம் பிசகினால் இரண்டும் ஒட்டாது. கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் குரல் அந்த எல்லையில் விழுந்தால் ஆள் ஓரடி பின்னால் போனமாதிரி இருக்கும். இன்னொன்று, பல டிரைவர் இயர்போன்களின் மின்தடை தொனிக்குத் தொனி ஏறி இறங்கும். போனில் ஒரு மாதிரி, மிக்சரில் செருகினால் வேறு மாதிரிக் கேட்கும்.

நன்றாகச் செய்த பல டிரைவர் இயர்போன் இருக்கிறது. களரிச் சத்தத்தை அடைக்க நானும் அதைத்தான் போடுகிறேன். வீட்டில் மிக்ஸ் பண்ண உட்கார்ந்தால் மட்டும் ஒற்றை டிரைவர் ஹெட்போன்.

கட்டுரையாளர் அடுத்த முறை எழுதும்போது மின்தடை எத்தனை ஓம் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். எச்.டி. 600 என்பது 300 ஓம். போனில் நேரே செருகினால் சத்தம் காணாது. காசைக் கொட்டி வாங்கிவிட்டு, ஹெட்போன் பழுது என்று என்னிடம் தூக்கிக்கொண்டு வருகிற பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள்.

கூத்து ஒலிப்பதிவாளன்,
கல்லடி, மட்டக்களப்பு.