உதகை துணிக்கடை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கமர்சியல் சாலையிலும் சேரிங்கிராஸ் பக்கத்திலும் கடை நடத்தும் அனைவருக்கும் வணக்கம்.

இதே ஊரில் தையல் கடை வைத்திருப்பவள் நான். இங்கே வாங்கிய துணிகள்தான் பெரும்பாலும் என் மேசைக்கு வருகின்றன. ‘கை அச்சு’, ‘ஜெய்ப்பூர் பிளாக் பிரிண்ட்’ என்ற அட்டையோடு வருபவற்றில் பல, அச்சுக்கட்டையைக் கண்ணால்கூடக் காணாதவை. வெட்டுவதற்கு விரித்தாலே தெரிந்துவிடும். முழு நீளத்துக்கும் பூக்கள் மயிரிழை பிசகாமல் நிற்கும். கையால் அச்சிட்ட துணியிலோ ஒரு கட்டை முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் கோடு சற்றே தடிக்கும், அல்லது இடைவெளி விடும். சாயம் ஓரிடம் அடர்ந்தும் ஓரிடம் வெளிறியும் இருக்கும். (பின்பக்கம் சாயம் இறங்கியிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பவர்கள் உண்டு. அது போதாது, ஸ்கிரீன் அச்சிலும் இறங்கும்.)

இயந்திர அச்சு என்று சொல்லி விற்றால் எனக்குக் குறையே இல்லை. மலிவான நல்ல துணி எல்லோருக்கும் வேண்டும். பெயரை மாற்றி விற்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

குஜராத்தின் கட்ச் பகுதியில் கட்டையால் அச்சிடும் அஜ்ரக் துணியைப் பாருங்கள். துணியை அலசி, கடுக்காய்க் கரைசலில் தோய்த்து வெயிலில் உலர்த்துகிறார்கள். சாயம் ஏறக்கூடாத கோடுகளைச் சுண்ணாம்பும் பிசினும் கலந்த குழம்பால் முதலில் அச்சிடுகிறார்கள். பழைய இரும்பை வெல்லத்தோடு பல நாள் புளிக்கவைத்த கரைசல், துணியில் ஏறிய கடுக்காயோடு சேர்ந்து கறுப்பாகிறது. சிவப்பு வரவேண்டிய இடத்துக்குப் படிகாரம். பிறகு நீலச் சாயத்துக்காக அவுரித் தொட்டியில் முக்குகிறார்கள், அலசுகிறார்கள், சிவப்புச் சாயம் தரும் மஞ்சிட்டி வேர் போட்ட கொப்பரையில் வேகவைக்கிறார்கள். ஒரு துணி முடிய வாரக்கணக்காகும். 2001 நிலநடுக்கத்துக்குப் பின் தமட்கா ஊரின் நிலத்தடி நீரில் இரும்புச் சத்து கூடி நிறங்கள் கெட்டன. அங்கே அஜ்ரக் அச்சிட்டுவந்த கத்ரி குடும்பங்கள் பல நல்ல தண்ணீர் தேடிப் போய் அஜ்ரக்பூர் என்ற புதிய ஊரையே அமைத்தன. நிறத்துக்காக ஊரைவிட்டுப் புறப்பட்டவர்களின் பெயரை நாம் ஓர் அட்டையில் எழுதி, யாரோ எங்கோ இயந்திரத்தில் ஓட்டிய துணியில் மாட்டுகிறோம்.

அந்தத் துணி முதல் துவைப்பில் சாயம் விட்டால், வாங்கியவர் கடையை மட்டும் நொந்துகொள்வதில்லை. “கை அச்சு என்றாலே இப்படித்தான்” என்கிறார். என் மேசையிலேயே கேட்டிருக்கிறேன். அடுத்த முறை உண்மையான அஜ்ரக்கைக் காட்டினாலும் விலையைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

ராஜஸ்தானின் சாங்கானேர், பாக்ரு ஊர்களின் கை அச்சுகள் புவிசார் குறியீடு பெற்றவை. கட்ச் அஜ்ரக்குக்கு 2024-இல் கிடைத்தது. நம் மலையின் தோடர் எம்பிராய்டரி 2013-இலேயே பெற்றுவிட்டது. துணியின் இழைகளை எண்ணி எண்ணிக் கறுப்பும் சிவப்புமாகத் தோடர் பெண்கள் தைப்பதை இயந்திரத்தில் ஓட்டி, ராஜஸ்தானில் ஒரு கடை ‘தோடர் கைவேலை’ என்று விற்றால் நமக்கு வயிறு எரியாதா?

மே மாதச் சீசனுக்குச் சரக்கு எடுக்கும்போது மொத்த வியாபாரியிடம் எந்த ஊரில், யார் கையால் அச்சிட்டது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவர் தரும் சரக்கில் அந்த அட்டையை மாட்டாதீர்கள். இயந்திர அச்சைத் தனி அலமாரியில் வையுங்கள். கை அச்சுத் துணியென்றால் ஊர்ப்பெயரைப் பில்லில் எழுதிக்கொடுங்கள். உங்கள் விற்பனைப் பிள்ளைகளுக்கும் வேறுபாட்டைக் கற்றுக்கொடுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்ட என் கடையில் துண்டுத் துணிகள் இருக்கின்றன. கடை மூடும் நேரத்தில் அனுப்பிவையுங்கள், நானே சொல்லித் தருகிறேன்.

அன்புடன்,
உதகையிலிருந்து ஒரு தையற்காரி