ஒட்டுப்புல்

கோத்தகிரி
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள கண்ணு,

மூன்று வாரமாக உன் போன் இல்லை. வேலை இருக்கும், தெரியும். இங்கே கேரட் விலை விழுந்துவிட்டது, பனி இன்னும் விடவில்லை, அம்மாவின் முழங்கால் அப்படியேதான். சரி, ஊர்ச் செய்தி இவ்வளவுதான்.

பொங்கலுக்கு வந்தபோது நீ விட்டுவிட்டுப் போன, குடல் சளியைப் பற்றி நீ எழுதிய கட்டுரையை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். முப்பத்தொரு வருஷம் எஸ்டேட் டிஸ்பென்சரியில் கம்பவுண்டராக இருந்தவனுக்குக் குடலில் சளி என்றால் சீதபேதிதான். மருந்து கொடுத்து நிறுத்த வேண்டிய சமாச்சாரம். அந்தச் சளி இரண்டு அடுக்கு, உள்ளடுக்கு இறுகலாக இருந்து கிருமியைக் குடல் சுவர்ப் பக்கம் அண்டவிடாது, வெளியடுக்கு தளர்ந்து அதற்கு இடம் கொடுக்கும் என்று 2008இல் காட்டியது ஸ்வீடனில் நீ இருக்கும் கோத்தன்பர்க்கில்தானாமே. ஏதோ நீயே கண்டுபிடித்த மாதிரி டீக்கடையில் இரண்டு பேரிடம் சொன்னேன். ஒருவர் பஜ்ஜியை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஒட்டும் பகுதியை மட்டும் மூன்று தடவை படித்தேன். சளியில் இருக்கும் மியூசின் என்ற புரதத்தின் எடையில் பெரும்பங்கு சர்க்கரைச் சங்கிலிகள்தானாம், பல பாக்டீரியாக்களுக்கு அதுதான் பிடி. லாக்டோபேசில்லஸ் ஜிஜி என்ற நல்ல பாக்டீரியாவுக்கு மேலெல்லாம் நுண்ணிய மயிர், அந்த மயிரில் ஸ்பாசி என்ற புரதம் சளியைக் கவ்விக்கொள்கிறது. நீ தேயிலைக்குள் குறுக்கு வழியில் வந்து, பாவாடை நிறைய ஒட்டுப்புல்லோடு வாசலில் நிற்பாயே, அது ஞாபகம் வந்தது. ஆனால் உன் பாவாடை ஒட்டுப்புல்லுக்குச் சோறு போடவில்லை. சளி தீனியும் போடுகிறது. அக்கர்மான்சியா என்ற குடல் பாக்டீரியா அதையே தின்று வாழ்கிறதாம். சாப்பாட்டில் நார் குறைந்தால் வேறு சிலவும் சளியை அரிக்க ஆரம்பிக்கும், எலியில் பார்த்திருக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறாய்.

ஊருக்கெல்லாம் இதை எழுதுகிற நீ, இங்கே இருந்த பதினோரு நாளும் அரை இட்லியும் மோரும்தான். அம்மா ஆசையாக வைத்த அவரைக் குழம்பைத் தொடவில்லை. ராத்திரி நாலு தடவை பாத்ரூம் லைட் எரிந்தது. நானும் தூங்கவில்லை.

நூறு வருஷத்துக்கு முன்னால் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் மெக்காரிசன் என்ற டாக்டர் குரங்குகளுக்குச் சத்தில்லாத தீனி போட்டு, குடல் கெடுவதைப் பார்த்து எழுதிவைத்தார். நம் பஸ் போகிற ஊரில் நடந்தது. அதனால் சாப்பிடு கண்ணு. தயிர் சேர்த்துக்கொள். வயிறு சரியில்லாத நாளில் நார் வேண்டாம், குழையவிட்ட கஞ்சி போதும். மற்ற நாளில் ராகி. வேளைக்குச் சாப்பிடு.

கடைசிக்கு முந்தின பக்கத்தில் சின்ன வயதில் சாப்பிடும் ஆன்டிபயாடிக் குடலை என்ன செய்யும் என்று இரண்டு வரி இருக்கிறது. அங்கே மூடி வைத்தவன் இரண்டு நாள் கழித்துத்தான் திரும்ப எடுத்தேன். நீ தும்மினால் அமாக்சிசிலின், மூக்கு ஒழுகினால் அமாக்சிசிலின். நீ எழுந்து ஓட ஆரம்பித்ததும் பாதியில் நிறுத்திவிடுவேன். டாக்டரிடம் காட்டியதில்லை, நானே டாக்டர் என்ற நினைப்பு. அந்த பாட்டில்கள் லயத்துப் பிள்ளைகளுக்கு வந்தவை. ரிஜிஸ்டரில் அவர்கள் பெயரை எழுதிவிட்டு வீட்டுக்கு எடுத்து வந்தேன். அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. உனக்கு ஐந்து வயது ஆவதற்குள் எத்தனை பாட்டில் என்று நேற்று எண்ணிப் பார்த்தேன். இருபதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டேன். இதனால்தான் அது வந்தது என்று சொல்ல முடியாதுப்பா என்பாய். உன் படிப்பு அப்படிப் பேசச் சொல்லும். நான் கம்பவுண்டர், எனக்கு அந்த வசதி இல்லை.

நீ கிளம்பின அன்று காலையில் நகவெட்டி தேடி உன் சின்னப் பையைத் திறந்தேன். அந்த மாத்திரையை நான் யாருக்கும் எடுத்துக் கொடுத்ததில்லை, ஆனால் எதற்கு என்று தெரியும். உடைக்காதே, மெல்லாதே, முழுசாக விழுங்கு. மேல்பூச்சு குடலுக்குப் போய்த்தான் கரைய வேண்டும்.

அம்மாவிடம் சொல்லவில்லை.

அப்பா