போன 5,916 ரூபாயும் வராத நான்கு டிக்கெட்டும்

அனுப்புநர்: வாடிக்கையாளர், களியக்காவிளை, கன்னியாகுமரி மாவட்டம்
பெறுநர்: குறைதீர் அலுவலர், டிக்கெட் விற்பனை நிறுவனம்
பொருள்: திருவனந்தபுரம் காரியவட்டம் மைதானத்தின் கிரிக்கெட் டிக்கெட் பணம் திரும்பாதது – ஐந்தாவது மடல்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

முந்தைய நான்கு மடலுக்கும் "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்ற ஒரே பதில்தான் வந்தது. அந்தப் பொறுமை இந்த மடலோடு தீர்ந்தது.

நான்கு டிக்கெட்டுக்கு 5,916 ரூபாய் கட்டினேன்; பணம் போனது, டிக்கெட் வரவில்லை. நடந்தது உங்கள் சர்வரிலேயே பதிவாகியிருக்கும். இருக்கையைத் தேர்ந்ததும் சில நிமிடம் பூட்டி வைக்கிறீர்கள். யுபிஐ-யில் பணம் கிளம்பி, அது சேர்ந்த தகவல் உங்களுக்கு வருவதற்குள் பூட்டு திறந்துவிட்டால் இருக்கை அடுத்தவருக்கு, பணம் உங்களுக்கு. விற்பனை தொடங்கும் நேரத்து நெரிசலில் இது நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா? பணம் கிளம்பிய இருக்கையை, முடிவு தெரியும்வரை பிடித்துவைத்தால் தீர்ந்தது. திரும்ப உள்ளே போனால் 1,000 ரூபாய் இருக்கை ஒன்றுகூட இல்லை, 2,000 மட்டும் பச்சையாகக் காட்டியது.

வங்கியில் விசாரித்தாயிற்று. பணப் பரிமாற்றத்தின் அடையாளமான 12 இலக்க யுடிஆர் எண்ணை வைத்துப் பார்த்து, பணம் உங்கள் கணக்கில் சேர்ந்துவிட்டது என்று எழுத்தில் தந்தார்கள். இடையில் சிக்கிய பணமாக இருந்தால் ரிசர்வ் வங்கியின் 2019 சுற்றறிக்கைப்படி 5 நாளில் தானாகத் திரும்பியிருக்கும், அதற்குமேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடும் உண்டு. ஆகவே வங்கியைக் கை காட்ட வேண்டாம். இன்றோடு 18 நாள்.

உங்கள் உதவி எண்ணில் மூன்றாம் முறை எடுத்த பெண்மணி சொன்னது: "டிக்கெட்டே கிடைக்காதவங்க ஆயிரம் பேர் சும்மா இருக்காங்க, நீங்க மட்டும் ஏன் சார் கத்துறீங்க?" கத்தவில்லை அம்மா. தமிழில் பேச ஆள் இருக்கிறார்களா என்று கேட்டேன், அவ்வளவுதான். கழக்கூட்டம் கவுண்டருக்குப் போனால் கையோடு பணம் தருவார்கள் என்று சொன்னதும் அவர்தான். திருவனந்தபுரம் தம்பானூருக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ், ஒரு நாள் சம்பளம். கவுண்டரில் இருந்தது ஒரு பிரிண்டரும் ஒரு பையனும். "ரீஃபண்டோ? இவிடெ பிரிண்ட் மாத்ரமே உள்ளூ." இங்கே பிரிண்ட் மட்டும்தான் என்றான். அவன்மேல் குற்றமில்லை. கவுண்டரில் என்ன நடக்கும் என்று தெரியாத ஆளை உதவி எண்ணில் உட்கார வைத்தது யார்?

தொகைக்கு வருகிறேன். முதல் பக்கத்தில் 1,000 ரூபாய். நான்குக்கு 4,000. ஜிஎஸ்டி 18 சதவீதம் 720, கேளிக்கை வரி 12 சதவீதம் 480. இவை அரசுக்குப் போவது, உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் கடைசித் திரையில் முளைத்த "வசதிக் கட்டணம்" டிக்கெட்டுக்கு 150 வீதம் 600, அதற்கு ஜிஎஸ்டி 108. யாருக்கு வசதி? கேட்காமலே டிக் போட்டிருந்த நன்கொடை 8 ரூபாய் வேறு. விலையைக் கடைசியில் ஏற்றுவதும் கேட்காததைக் கூடையில் போடுவதும் 2023 நவம்பரில் மத்திய அரசு தடுத்த 13 ஏமாற்று உத்திகளில் வருபவை.

2023 ஜனவரியில் இதே காரியவட்டத்தில் கோலி 166 அடித்தார், இந்தியா 317 ரன்னில் இலங்கையை வென்றது, கேலரியோ காலி. வரியோடு 1,300, 2,600 என்றால் யார் வருவார்? அதன் பிறகும், எத்தனை இருக்கை பொதுவிற்பனைக்கு, எத்தனை ஸ்பான்சருக்கு என்று எங்கும் போடுவதில்லை.

நல்ல முறையில் கேட்கிறேன்: 7 நாளில் 5,916 ரூபாயும் பஸ் கூலியும் வரட்டும். வராவிட்டால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அடுத்து நாகர்கோவில் மாவட்ட நுகர்வோர் ஆணையம். "வழக்கு மும்பையில் மட்டும்" என்று உங்கள் நிபந்தனையில் எழுதியிருப்பதால் பயந்துவிடுவேன் என்று எண்ண வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், வாங்கியதற்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் கிடையாது. அங்கே 50,000 கேட்பேன். வீட்டில் நான்கு பேருக்கும் கிரிக்கெட்டே வெறுத்துப்போனதற்கு அது குறைவு.

வங்கிக் கடிதமும் ஸ்கிரீன்ஷாட்களும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்

பி.கு.: பதில் சொல்ல அந்தப் பெண்மணியை அழைக்கச் சொல்ல வேண்டாம்.