வெறும் கேஸ் இல்லை, பாப்பா

பாப்பா,

நேற்று போனில் அம்மாவிடம் "வெறும் கேஸ்தாம்மா" என்று நீ சொன்னது எனக்கும் கேட்டது. நடுராத்திரி நெஞ்சுக்குழிக்குக் கீழே காந்துகிறது, எழுந்து ரெண்டு பிஸ்கட் தின்றால் அடங்குகிறது, மறுநாளும் அதே கதை என்றால் அது அல்சரா என்று பார்த்துவிட வேண்டும். சாப்பிட்டால் குறைந்து, வயிறு காலியானால் திரும்ப வருவது பெரும்பாலும் முன்சிறுகுடல் புண்ணின் குணம். இரைப்பையில் புண் இருந்தால் சாப்பிட்ட பிறகு வலி கூடலாம். சிலருக்கு வலியே இருக்காது, ரத்தம் கசிந்த பிறகுதான் தெரியவரும்.

அம்மா பழியை மிளகாய் மேல் போடுகிறாள். காரமும் டென்ஷனும் இருக்கிற எரிச்சலைக் கூட்டும், சரி, ஆனால் புண்ணை உண்டாக்குவது பெரும்பாலும் ரெண்டே சங்கதி. ஒன்று ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. ஆஸ்திரேலியாவில் பேரி மார்ஷல் என்ற டாக்டர் யாரும் நம்பவில்லை என்று 1984-இல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சி வந்து படுத்தார். அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இன்னொன்று வலி மாத்திரை, நீ தலைவலிக்கு வாரத்தில் பாதி நாள் முழுங்குகிறாயே, அதுதான். இங்கே கூடலூரில் என் மெடிக்கலுக்கு வரும் ஏலத்தோட்டத்துப் பெண்களைப் பார்த்திருக்கிறாய். விடியும் முன்னால் ஜீப் குமுளி மலை ஏறிவிடும் என்பதால் முந்தின சாயங்காலமே டைக்ளோஃபெனாக் அட்டையில் ரெண்டு வெட்டித் தரச் சொல்லி முந்தானையில் முடிந்துகொள்வார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் கிடையாது என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். காலையில் வெறும் வயிற்றில் கட்டஞ்சாயாவோடு (பால் இல்லாத டீ) உள்ளே போய்விடும். இடுப்பு வலியை அடக்கும் அதே வேளையில், இரைப்பைச் சுவரை அமிலத்திடமிருந்து காக்கும் சுரப்பையும் அது குறைத்துவிடுகிறது. சாப்பிட்டுவிட்டுப் போட்டால் ஒன்றும் செய்யாது என்பது பாதிதான் உண்மை, ரத்தத்தில் கலந்த பிறகும் அது அந்த வேலையைச் செய்யும்.

காலையில் ஒரு பான்டோப்ரசோல் போட்டுச் சமாளிப்பதாகச் சொன்னாய். அது அமிலத்தைக் குறைக்கும், கிருமியை ஒழிக்காது. போதாக்குறைக்கு அதைப் போட்டுக்கொண்டே, கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் மூச்சுப் பரிசோதனைக்குப் போனால் கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம், அதனால் ரெண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். டாக்டரிடம் இதை நீயே ஞாபகமாகச் சொல். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி என்றால் பயப்படாதே. கிருமி இருந்தால் ஆன்டிபயாடிக் சேர்த்து வழக்கமாக 14 நாள் தருவார்கள். நாலாம் நாளே வலி போய்விட்டது என்று பாதியில் விட்டுவிடாதே, உன் குணம் எனக்குத் தெரியும்!

மலம் தார் போலக் கறுத்துப் பிசுபிசுவென்று போனாலோ, காப்பித்தூள் நிறத்தில் வாந்தி வந்தாலோ, வயிற்றில் திடீரென்று குத்திப் பிடுங்கினாலோ, எங்களுக்கு போன் பண்ணிக்கொண்டு நிற்காமல் நேரே எமர்ஜென்சிக்குப் போ. (இரும்புச்சத்து மாத்திரை போட்டாலும் கறுக்கும், அது வேறு.)

இந்தச் சனிக்கிழமையே குடல் டாக்டரைப் பார். இதுவரை போட்ட மாத்திரை அட்டைகளை ஒரு கவரில் போட்டு எடுத்துப் போ. அதுவரை தலைவலிக்குப் பாராசிட்டமால் போதும், அதுவும் அளவோடு. சீட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு, என்ன எழுதியிருக்கிறார் என்று நானும் பார்க்கிறேன்.

அப்பா