கட்டுநாயக்கவிலிருந்து லண்டனுக்கு ஆறரை மணித்தியாலமா?

ஆசிரியர் அவர்கட்கு,

கடந்த ஞாயிறு வாரவெளியீட்டின் பயணப் பக்கத்தில், கட்டுநாயக்கவில் பிற்பகல் ஒரு மணிக்குப் புறப்படும் விமானம் அன்றிரவு ஏழரைக்கே ஹீத்ரோவில் இறங்கிவிடுவதாகவும், ஆகவே லண்டன் 'வெறும் ஆறரை மணித்தியாலப் பயணம்' என்றும் எழுதியிருந்தீர்கள். ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர் தூரத்தை அந்த நேரத்துக்குள் கடப்பதற்கு விமானம் மணிக்கு 1,300 கிலோமீற்றருக்கு மேல் பறந்தாகவேண்டும். ஒலியைவிட வேகமாகப் பறந்த கொன்கோர்ட் பயணிகள் விமானம் 2003ஆம் ஆண்டிலேயே ஓய்வுபெற்றுவிட்டது என்பது தங்கள் ஆசிரியபீடம் அறியாததல்ல. புறப்பாடு இலங்கை நேரம், இறங்குவது லண்டன் நேரம். கோடைகாலத்தில் இரண்டுக்கும் இடையே நாலரை மணித்தியாலம் உண்டு. பயணம் பதினொரு மணித்தியாலம்.

தங்கள் கணக்கை வைத்தே திரும்பி வந்தால், அங்கு இரவு எட்டரைக்கு ஏறி இங்கு மறுநாள் முற்பகல் பதினொன்றரைக்கு இறங்குபவர் பதினைந்து மணித்தியாலம் பறந்திருக்கவேண்டும். உண்மையிலோ, மேற்கிலிருந்து வீசும் உயர்வான்காற்று பின்னாலிருந்து தள்ளுவதால், வரும் பயணம்தான் சற்றுக் குறைவு.

அச்சில் வந்ததை நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நீரிழிவுக்கு மருந்தெடுக்கும் என் அக்கா, பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிறவர், அந்தப் பக்கத்தை வெட்டிக் கடவுச்சீட்டுக்குள் மடித்து வைத்திருந்தார்; ஆறரை மணித்தியாலத்துக்கு ஒருவேளை மாத்திரை போதுமென்று மிச்சத்தை எல்லாம் பெரிய பொதிக்குள் வைத்துக் கட்டியுமிருந்தார். பொதியை மறுபடி அவிழ்க்கவைக்க நான் பட்ட பாடு வேறு. பத்திரிகையை விடத் தம்பிக்கு அதிகம் தெரியுமா என்பது அவருடைய கேள்வி.

முன்னொருமுறை ரொறன்ரோ பற்றிய கட்டுரைக்குத் தட்டையான உலகப்படத்தில் அடிமட்டம் வைத்து அத்திலாந்திக்குக்கு மேலாகக் கோடிழுத்து, அதுவே மிகக் குறுகிய வழி என்றீர்கள். புவியியல் படிப்பித்தவன் என்பதால், பூகோள உருண்டையில் நூல் பிடித்துப் பார்த்தால் அந்த வழி ஆர்க்டிக்கை ஒட்டிப் போகும் என்று எழுதி அனுப்பினேன். கடிதம் வெளிவரவில்லை, இடநெருக்கடி என்று விளங்கிக்கொண்டேன்.

நேரவித்தியாசம் நமக்குப் புதிதுமல்ல. மின்தட்டுப்பாட்டைச் சொல்லி 1996 மே மாதத்தில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி, அந்த ஒக்டோபரில் பாதியைத் திருப்பி, மீதியை 2006 ஏப்ரலில்தான் திருப்பித் தந்தார்கள். 'பழைய நேரமா, புதிய நேரமா' என்று கேட்காமல் ஒரு கலியாண முகூர்த்தத்துக்குப் போக முடியாதிருந்த ஊரிலிருந்து வெளிவரும் பத்திரிகை, இரண்டு நாட்டுக் கடிகாரங்களை ஒன்றிலிருந்து ஒன்று கழித்து விடை சொல்வதை என்னவென்பது?

பெரிய திருத்தம் எதையும் நான் கேட்கவில்லை. இனி விமான நேரங்களை வெளியிடும்போது பக்கத்தில் 'உள்ளூர் நேரம்' என்று குறிப்பிட்டு, பறக்கும் நேரத்தைத் தனியே போட்டால் போதும். முடிந்தால், வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அக்கா வெட்டியெடுக்கக்கூடிய அளவில்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.