ஆவணப்படம் திரையிடுவது குறித்து

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். வரும் வெள்ளிக்கிழமை பிற்பகல், பதினோராம் வகுப்பு மாணவர்களுக்குச் சமூக உளவியலின் புகழ்பெற்ற சோதனைகளைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றைக் காட்டுகிறோம். சில காட்சிகள் மனத்தைக் கலங்கடிக்கக்கூடியவை என்பதால் முன்கூட்டியே எழுதுகிறேன்.

அதிகம் பாதிக்கக்கூடியது, ஸ்டான்லி மில்கிராம் 1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய சோதனை. பங்கேற்பவர் முன்னால் ஒரு பெட்டி. அதில் 15 வோல்ட்டில் தொடங்கி 450 வரை 30 சுவிட்சுகள். அடுத்த அறையில் இருப்பவர் தவறாகப் பதில் சொல்லும்போதெல்லாம் அடுத்த சுவிட்சைத் தட்டி அவருக்கு ஷாக் கொடுக்க வேண்டும் என்பது ஆய்வாளரின் கட்டளை. உண்மையில் அங்கே யாருக்கும் ஷாக் அடிக்கவில்லை. அது தட்டுபவருக்குத் தெரியாது. 40 பேரில் 26 பேர் கடைசி சுவிட்ச் வரை போனார்கள். வியர்த்துக்கொண்டும் நடுங்கிக்கொண்டும் போனார்கள். சிலர் சிரித்தார்கள். அது பதற்றச் சிரிப்பு. அதைக் கொடூரம் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதால், அந்த இடத்தில் படத்தை நிறுத்தி ஆசிரியர் விளக்குவார்.

26 என்ற எண்ணோடு பேச்சை முடித்துவிட்டால் பாதிச் செய்திதான் போய்ச் சேரும். அதே சோதனையை வேறு 40 பேரிடம் சற்று மாற்றி நடத்தியதில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த இருவர் 'மாட்டோம்' என்று எழுந்துவிட்டபோது, 40 பேரில் 4 பேர் மட்டுமே கடைசி வரை போனார்கள். சாலமன் ஆஷ் 1950களில் நடத்திய கோடுகளின் நீளத்தை ஒப்பிடும் சோதனையிலும் இப்படித்தான். குழுவே சேர்ந்து தவறான விடை சொன்னபோது, நான்கில் மூன்று பேர் ஒரு முறையாவது அதற்கு இணங்கினார்கள். சரியான விடை சொல்ல ஒரே ஒருவர் துணைக்கு இருந்தாலும் அப்படி இணங்குவது வெகுவாகக் குறைந்தது. வகுப்பில் அதிக நேரம் இதற்குத்தான்.

மாணவர்களைக் காவலர், கைதி என்று பிரித்துப் போலிச் சிறையில் வைத்துப் பார்த்த ஸ்டான்ஃபோர்டு சிறைச் சோதனையை (1971) மட்டும் எச்சரிக்கையோடு பார்க்கச் சொல்வோம். இரண்டு வாரத்துக்குத் திட்டமிட்டது ஆறே நாளில் நிறுத்தப்பட்டது. காவலர்களாக நடித்தவர்களைக் கடுமையாக நடக்கும்படி ஆய்வுக் குழுவினரே தூண்டியது பிற்பாடு ஒலிப்பதிவுகளில் தெரியவந்தது. ஆகவே சீருடை போட்டாலே எவரும் கொடியவராகிவிடுவார் என்பதற்கு அதைச் சான்றாகக் கொள்ள முடியாது.

படம் பார்த்த சூட்டில், 'சும்மா சோதித்துப் பார்த்தோம்' என்று சக மாணவரை ஏமாற்றும் ஆசை வரும். அதற்கு அனுமதி இல்லை. இன்று இத்தகைய ஆய்வு நடத்த நெறிக் குழுவின் ஒப்புதல் வேண்டும். பங்கேற்பவர் எந்த நேரத்திலும் விலகலாம். முடிந்ததும் அவரிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும். வகுப்பில் கேலிக்கு ஆளாகும் பிள்ளைக்கு இந்தப் பாதுகாப்பு எதுவுமே கிடையாது. பதிலாக, ஏமாற்றே இல்லாத ஒரு பயிற்சி உண்டு: புட்டியில் எத்தனை பயறு இருக்கிறது என்று ஒவ்வொருவரும் முதலில் தனியே சீட்டில் எழுதித் தருவார்கள், பிறகு கூடிப் பேசுவார்கள், மறுபடி எழுதுவார்கள். சீட்டுகளை வாங்கும் முன்பே ஒருவர் வாய்விட்டு ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால், மற்றவர்களின் கணிப்பு அந்தப் பக்கம் சாய்ந்துவிடும், பயிற்சி கெட்டுவிடும்.

வீட்டில் இதைப் பற்றிப் பேசும்போது 'நீயாக இருந்தால் நிறுத்தியிருப்பாயா?' என்று கேட்காதீர்கள். எல்லோரும் 'ஆமாம்' என்றே சொல்வார்கள். 'எத்தனையாவது வோல்ட்டில், என்ன சொல்லி நிறுத்தியிருப்பாய்?' என்று கேளுங்கள்.

ஷாக் அடித்ததுபோல் படத்தில் கேட்கும் அலறல் சத்தம் உங்கள் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாது என்று நினைத்தால், இணைப்புச் சீட்டில் குறித்துப் புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். காரணம் எழுத வேண்டியதில்லை. அந்த நேரம் பிள்ளை நூலகத்தில் இருக்கலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்